துருவ மீன் தெரியாத புறவாசலில் விண்மீன் கொத்துகள்

வள்ளியூர் வாசகர் – 2025 ஜனவரி 27

அண்ணாச்சி, ஆறு அங்குலத் தொலைநோக்கியும் அதைத் தாங்கி வானத்தோடு திருப்பும் மோட்டார் வைத்த மவுண்டும் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. நிலவைப் படம் எடுத்தேன், வியாழனை எடுத்தேன், நன்றாகவே வந்தன. விண்மீன் கொத்து என்று போனால் மட்டும் எல்லா மீன்களும் கோடு கோடாக இழுத்துக்கொள்கின்றன. துருவ மீனை நோக்கி மவுண்டை நிறுத்த வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வடக்கே பனங்காடு. துருவ மீனை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. நம்முடைய பக்கத்தில் இருந்துகொண்டு விண்மீன் கொத்துகளைப் படம் எடுக்க முடியாது என்று முடிவுக்கு வந்துவிட்டேன். சரிதானா?

ஜனவரி 28

சரியில்லை. நாங்குநேரிக்குத் தெற்கே உள்ள என் வீட்டிலும் துருவ மீன் தெரிவதில்லை. இங்கே அது அடிவானத்திலிருந்து எட்டரைப் பாகை உயரத்தில்தான் நிற்கிறது. கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அந்த அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை. அந்த ஒரு முட்டி உயரத்துக்குள் பக்கத்து வீட்டுத் தட்டட்டி (மொட்டைமாடி), வடலிகள், புழுதி எல்லாம் வந்துவிடுகின்றன. ஆனாலும் மூன்று ஆண்டுகளாகக் கொத்துகளை எடுத்து வருகிறேன்.

மவுண்டு சுழலும் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்கி நிற்க வேண்டும். துருவ மீன் இல்லாமல் அதைத் திருத்த, மீன் நழுவும் திசையைப் பார்த்துச் செய்யும் நகர்வு முறை இருக்கிறது. இரவு ஒன்பதே கால் மணி வாக்கில் ஓரியனின் இடையில் வரிசையாக நிற்கும் மூன்று மீன்களில் மேற்கு ஓரத்து மீன் ஏறத்தாழ உச்சிக்கு வரும். குறுக்குக் கோடு உள்ள கண்ணருகு வில்லையில் அதைப் பிடித்து ஐந்து நிமிடம் பாருங்கள். அது தெற்கே நழுவினால் மவுண்டின் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே விலகியிருக்கிறது. அடுத்து கிழக்கே தாழ்வாக உள்ள ஒரு மீனைப் பிடியுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு உயர்ந்திருக்கிறது, இறக்க வேண்டும்.

உங்கள் மவுண்டில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மவுண்டுகள் நாற்பது, ஐம்பது பாகை அட்சரேகை ஊர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. எட்டரைப் பாகைக்கு அச்சைச் சாய்த்தால் அது கிட்டத்தட்டப் படுத்துவிடும். எதிர் எடைக் கம்பி கீழே வரும்போது வடக்குக் காலில் முட்டும். முட்டியவுடன் மோட்டார் உறுமும், படம் கோடாகும். முக்காலியைத் திருப்பி, வடக்குப் பக்கம் ஒரு கால் வராமல் இரண்டு கால்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி வரும்படி வையுங்கள். எனக்கு இது புரியவே ஒரு மழைக்காலம் கழிந்தது.

ஜனவரி 30

முதலில் ஒரு திருத்தம். நேற்று முன்தினம் கிழக்கு மீனைப் பற்றி எழுதியது தலைகீழ். அம்பாசமுத்திரத்து வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டினார், அவருக்கு நன்றி. கிழக்கே தாழ்வாக உள்ள மீன் தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது என்று பொருள்; உயர்த்த வேண்டும். ஆடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் காட்சி தலைகீழாகத் தெரிவதால் திசையில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். குழாயை வடக்கு நோக்கி மெல்லத் தட்டுங்கள். எந்த ஓரத்திலிருந்து புதிய மீன்கள் உள்ளே வருகின்றனவோ அந்த ஓரம்தான் வடக்கு. இதை ஒரு தாளில் எழுதிக் குழாயில் ஒட்டிவிட்டேன்.

நேற்று தை அமாவாசை. கார்த்திகைக் கொத்து இரவு ஏழரை மணிக்கே உச்சியை ஒட்டி வந்துவிட்டது. சங்கப் பாடல்கள் அறுமீன் என்று சொல்லும் அதே கொத்து. புறவாசலில் தொலைநோக்கியை வைத்து, தலா இருபது நொடியாகத் தொண்ணூறு படங்கள் எடுத்தேன். என் கருவி 150 மில்லிமீட்டர் ஆடி, 750 மில்லிமீட்டர் குவியத் தொலைவு, பழைய 18 மெகாபிக்சல் கேனான் கேமரா. அந்தச் சட்டத்துக்குள் 1.7 பாகை அகலமும் 1.1 பாகை உயரமும் அடங்கும். கார்த்திகையின் முக்கிய மீன்கள் எல்லாம் உள்ளே வந்து, ஓரத்துச் சிறு மீன்கள் மட்டும் வெட்டுப்பட்டன. படங்களை டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியபோது பெரிய மீன்களைச் சுற்றி வெளிர்நீலப் புகைப்படலம் தெரிந்தது. அங்குள்ள தூசு மேகம் மீன்களின் ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றும் நீலம் அது. நாலு வருடம் காத்திருந்து கிடைத்த படம்.

பிப்ரவரி 1

அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் ஒப்பவில்லை. உண்மையான படலம் அந்தக் கொத்தில் உள்ள மெரோப் என்னும் மீனுக்குத் தெற்கே அடர்ந்து, சீவிய பஞ்சுபோல் இழை இழையாக, ஒரு பக்கமாக நீண்டு இருக்கும். என் படத்தில் ஒவ்வொரு பெரிய மீனைச் சுற்றியும் ஒரே அளவில், வட்டமாக, திருநீறு பூசியதைப் போல இருக்கிறது. முதல் முப்பது படங்களைத் தனியாகவும் கடைசி முப்பது படங்களைத் தனியாகவும் அடுக்கிப் பார்த்தேன். முதல் முப்பதில் படலமே இல்லை. கடைசி முப்பதில் கனமாக இருக்கிறது. வானத்து மேகம் அரை மணி நேரத்தில் வளராது.

அது பனி. தைப் பனி குழாயின் வாயருகே உள்ள சிறிய ஆடியின் மேல் படிந்து ஒளியைச் சிதறடித்திருக்கிறது. ஜனவரி 30ஆம் தேதி எழுதியதில் படலம் பற்றிய பகுதியை யாரும் நம்ப வேண்டாம். எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், இதே பிழையை மற்றவர்களும் செய்யக்கூடும் என்பதால்.

பிப்ரவரி 2

பனிக்கு நான் செய்தது: பழைய யோகா விரிப்பை வெட்டிச் சுருட்டிக் குழாயின் வாயில் ஒன்றரை அடி நீட்டி மாட்டினேன். சிறிய ஆடியின் முதுகில் சில ரெசிஸ்டர்களை ஒட்டி 12 வோல்ட் மின்கலத்தில் இணைத்தேன். தொட்டால் இளஞ்சூடு தெரிந்தால் போதும். அதற்கு மேல் போனால் சூடான காற்றே மீன்களைத் தளும்ப வைக்கும்.

பிப்ரவரி 14

முழுநிலவு இப்போதுதான் கடந்திருக்கிறது. படம் எடுக்க வழியில்லாத நாட்கள். கடையநல்லூரிலிருந்து ஒருவர், "கார்த்திகை தீபத்தன்று கார்த்திகைக் கொத்தைப் படம் எடுத்தால் பொருத்தமாக இருக்குமே" என்று கேட்டிருந்தார். ஆசை நியாயமானது. ஆனால் ஆண்டிலேயே அதற்கு மிக ஒவ்வாத இரவு அதுதான். நிறைநிலா கார்த்திகை நட்சத்திரத்தின் அருகில் வந்து நிற்கும் நாளைத்தானே நாம் தீபம் ஏற்றிக் கொண்டாடுகிறோம்; நிலவின் வெளிச்சம் அந்தக் கொத்தின் மேலேயே விழும். போதாததற்கு வடகிழக்குப் பருவமழையும் அப்போது முடிந்திருக்காது. அன்று வாசலில் விளக்கு வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பாருங்கள். படத்துக்கு தை, மாசி அமாவாசைகள்.

இன்னொரு கேள்வி, தட்டட்டியிலிருந்து எடுக்கலாமா என்பது. நான் இறங்கி வந்துவிட்டேன். பகல் முழுவதும் வெயில் குடித்த தளம் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும். அந்த அலைவில் மீன்கள் பொரியும். கீழே தார்சாவில் ஒருவர் நடந்தால்கூட மேலே படம் ஆடும். புறவாசல் மண்ணில் மூன்று கருங்கல் துண்டுகளைச் சிமென்டு வைத்துப் பதித்து, முக்காலியின் கால்களுக்கு அவற்றில் குழி எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே குழியில் வைப்பதால் அச்சு பெரும்பாலும் திருந்தியே இருக்கிறது. தெருவிளக்குக்கு மறைப்பாக இரண்டு மூங்கில்களுக்கு நடுவில் நாற்றங்கால் பச்சை வலையை இரண்டு மடிப்பாகக் கட்டியாயிற்று.

மார்ச் 1

நேற்று மாசி அமாவாசையை அடுத்த இரவு. கார்த்திகை மேற்கே சாய்ந்துகொண்டிருந்தாலும் நல்ல உயரம் இருந்தது. குவியத்தைச் சரிபார்க்க அகத்திய மீனைப் பிடித்தேன். பொதிகை முனிவரின் பெயரைத் தாங்கிய அந்த மீன் தெற்கே பளிச்சென்று நிற்கும்போது வேறு மீனைத் தேட வேண்டியதில்லை. குவியத்துக்குப் பாட்டினோவ் மூடி என்று ஒன்று உண்டு: மூன்று திசைகளில் கோடு கோடாகக் கீறி எடுத்த அட்டையைக் குழாயின் வாயில் மாட்டினால், பிரகாசமான மீனில் மூன்று ஒளிக்கீற்றுகள் தோன்றும். இரண்டு கீற்றுகள் பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொள்ளும். மூன்றாவது அவற்றின் நடுவில் ஓடும்போது குவியம் சரி. நான் கனமான கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒட்டிப் பிளேடால் கீறினேன். இரவு குளிரக் குளிரக் குழாய் சுருங்குகிறது. மணிக்கு ஒருமுறை மூடியைப் போட்டுப் பார்க்காவிட்டால் பின்பாதிப் படங்கள் மங்கிவிடும்.

இந்த முறை ஆடி கடைசி வரை உலர்ந்திருந்தது. முதல் முப்பது, கடைசி முப்பது இரண்டையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மெரோப்புக்குத் தெற்கே, ஒரு பக்கமாக, மிக மெல்லிய படலம் இருக்கிறது. ஜனவரியில் வந்ததில் பத்தில் ஒரு பங்கு கனம்கூட இல்லை. அதுவே உண்மை.

வள்ளியூர் நண்பருக்கு: அச்சு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. அச்சு ஒரு கலை விலகியிருந்தால் மீன் நிமிடத்துக்கு அதிகபட்சம் கால் விகலைதான் நழுவும். நிலவின் அகலமான அரைப் பாகை, அதாவது முப்பது கலை, விலகியிருந்தாலும் இருபது நொடியில் நகர்வு இரண்டரை விகலை. என் கேமராவில் அது இரண்டு பிக்சல். நம்முடைய வானத்தின் தளும்பலே பல இரவுகளில் அவ்வளவு இருக்கும். பெரிய மீன்கள் நிறைந்த கொத்துகளுக்கு ஐந்து நிமிட எக்ஸ்போஷர் தேவையே இல்லை. இருபது நொடியாக நூறு எடுத்து அடுக்குங்கள். துருவ மீனைப் பனை மறைத்தால் மறைக்கட்டும்.

மார்ச் 3

மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். அச்சு சரியாக இருந்தும் என் படங்களில் பத்துக்கு மூன்று கோடாகத்தான் வருகின்றன. காரணம் பல்சக்கரம். விலை குறைந்த மவுண்டுகளில் புழுப் பல்சக்கரம் பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும்போது கொஞ்சம் முந்தியும் கொஞ்சம் பிந்தியும் ஓடும். அந்தக் கோடு கிழக்கு மேற்காக இருக்கும். அச்சுப் பிழையால் வரும் கோடு பெரும்பாலும் வடக்கு தெற்காக இருக்கும். உங்கள் படத்தில் கோடு எந்தத் திசையில் என்று பாருங்கள். கிழக்கு மேற்காக இருந்தால் எட்டு மாதமாகத் துருவ மீனின் மேல் வீண்பழி போட்டிருக்கிறீர்கள்.

மார்ச் 5

வள்ளியூர் நண்பர் படம் அனுப்பியிருக்கிறார். கோடு கிழக்கு மேற்குதான். எதிர் எடையும் காலில் முட்டிக்கொண்டுதான் இருந்ததாம்.

மார்ச் 30

துருவம் தாழ்ந்த ஊருக்குத் தெற்கு உயரும். இதை நம்மவர்களே உணர்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஒமேகா சென்டாரி என்னும் கோளக் கொத்து (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கொத்து) லண்டனில் ஒருபோதும் உதிப்பதில்லை. டெல்லியில் பதினான்கு பாகை உயரம் வரை வரும். நமக்கு முப்பத்து நான்கு பாகை. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட கொத்து அது. நம் பால்வழியின் கோளக் கொத்துகளில் மிகப் பெரியது. பழங்கால வானியலாளர் தாலமி அதை ஒரு தனி விண்மீன் என்று எண்ணினார். 1603இல் விண்மீன் வரைபடம் வெளியிட்ட பேயர் விண்மீனுக்கு உரிய முறையில் ஒமேகா என்று எழுத்தும் கொடுத்தார். 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த ஆங்கில வானியலாளர் ஹாலிதான் அது வெறும் விண்மீன் அல்ல என்று குறித்தார். நல்ல இருட்டில் அதை வெறுங்கண்ணால் நம் ஊரில் காணலாம். ஓரம் மங்கிய மீன்போல இருக்கும்.

நேற்றிரவு ஒன்றேகால் மணிக்கு அது நேர் தெற்கே வந்தது. குவியத்துக்காக ஆல்பா சென்டாரியைப் பிடித்தேன். பாட்டினோவ் கீற்றுகள் இரட்டை இரட்டையாக வந்தன. குவியத் திருகை எவ்வளவு திருகியும் சேரவில்லை. பிறகுதான் உறைத்தது, அதுவே இரட்டை விண்மீன். 1689இல் புதுச்சேரியில் இருந்த ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார்தான் அது இரட்டை என்று முதலில் கண்டவர். அவர் பார்த்ததும் தமிழ் மண்ணிலிருந்து. அருகிலுள்ள பீட்டா சென்டாரிக்கு மாறிக் குவியத்தை முடித்தேன்.

முப்பது நொடி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 1600, எழுபது படங்கள். அடுக்கிப் பார்த்தால் ஓரத்தில் மீன்கள் அழகு. நடுவில் வெள்ளைக் கட்டி. கொத்தின் நடுப்பகுதி முழுவதும் எரிந்து ஒன்றாகிவிட்டது. மென்பொருளில் எவ்வளவு இறக்கினாலும் வெள்ளை சாம்பலாகிறதே தவிர மீனாகவில்லை. கேமராவில் பதியாத வேறுபாடு பின்னால் வராது. மார்ச் 1இல் "இருபது நொடி" என்று பொதுவாக எழுதியதையும் இதனால் குறைக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 28

மறுபடியும் ஒமேகா சென்டாரி. இப்போது இரவு பதினொன்றரைக்கே நேர் தெற்கே வருகிறது, கண்விழிப்பும் குறைவு. பத்து நொடி, ஐஎஸ்ஓ 800, இருநூறு படங்கள். திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி நடுவைப் பார்த்தேன். கறுப்புத் துணியில் ரவையைக் கொட்டி விரலால் பரப்பியதுபோல, நடுவில் நெருங்கி, ஓரத்தில் ஒன்றிரண்டாகச் சிதறி, பரல் பரலாகப் பிரிந்து நிற்கின்றன. முதலில் எல்லாம் வெள்ளை என்றுதான் தோன்றும். நிறச்செறிவைச் சற்றே உயர்த்தினால் செம்பரல்கள் முன்னால் வருகின்றன; முதிர்ந்து வீங்கிய செம்பெரு மீன்கள் அவை. அவற்றுக்கிடையில் நீலம் பாய்ந்த சிலவும் உண்டு. நீண்ட எக்ஸ்போஷரில் முதலில் சாவது இந்த நிறம்தான். கொத்தைப் படம் எடுப்பது எத்தனை மீன்களைப் பிடித்தோம் என்பதற்காக அல்ல, ஒவ்வொன்றின் நிறத்தையும் கெடாமல் கொண்டுவருவதற்காக என்று இப்போது எனக்குப் படுகிறது.

ஏப்ரல் 30

படம் முழுவதும் சிவப்பும் பச்சையுமாகச் சிறு புள்ளிகள் இருப்பதை ஒருவர் கேட்டிருந்தார். தவறு என்னுடையது. கேமராவே உண்டாக்கும் புள்ளிகளைக் கழிப்பதற்காக மூடியைப் போட்டு எடுக்கும் டார்க் படங்களை ஜனவரியில் எடுத்து வைத்ததையே பயன்படுத்திவிட்டேன். அப்போது இரவில் 22 பாகை வெப்பம்; இப்போது 28. சென்சாரின் வெப்பக் கசிவு ஆறு பாகைக்கு ஏறத்தாழ இரட்டிக்கும். நம் ஊரில் டார்க் படங்களை அந்தந்த இரவிலேயே, கடைசிப் படம் முடிந்த சூட்டோடு எடுக்க வேண்டும். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்து இதை அலட்சியம் செய்துவிட்டேன். புதிதாக எடுத்து அடுக்கியதும் புள்ளிகள் போய்விட்டன.

மே 5

செவ்வாய் பூசக் கொத்தை ஒட்டி நிற்கிறது. அரைநிலவின் வெளிச்சம் இருந்தாலும் விடவில்லை. நீலமும் மஞ்சளுமான சிறு மீன்களுக்குப் பக்கத்தில் செவ்வாய் மட்டும் கங்குபோல் இருக்கிறது. கொத்து அறுநூறு ஒளியாண்டு தொலைவு, செவ்வாய் ஒளிக்குச் சில நிமிடப் பயணம்.

அதே இரவில் தென்சிலுவைக்கு அருகிலுள்ள நகைப்பெட்டிக் கொத்தையும் எடுத்தேன். நமக்கு இருபத்தொரு பாகை உயரம்தான் வரும். நீல மீன்கள் ஆங்கில ஏ எழுத்தைப்போல் நிற்க, நடுவில் ஒரு செம்மீன். ஐந்து நொடி போதும்.

ஜூலை 19

ஆடிக் காற்று. மூன்று வாரமாகக் கருவியை வெளியே எடுக்கவில்லை. தென்காசிப் பக்கத்தில் சாரல் என்கிறார்கள். இங்கே மழை இல்லை, மேகம் மேற்கு மலையோடு நின்றுவிடுகிறது, ஆனால் காற்று முக்காலியைக் குலுக்குகிறது. காலுக்கு மணல் மூட்டை கட்டிப் பார்த்தேன். ஐந்து நொடிப் படத்திலேயே மீன்கள் கொக்கிபோல் வளைந்தன. பழைய படங்களை சிரில் என்ற மென்பொருளில் மீண்டும் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 22

தெற்கே இன்னும் ஒன்று பாக்கி இருந்தது: 47 டுகானே. ஒமேகாவுக்கு அடுத்த பெரிய ஒளி கொண்ட கோளக் கொத்து. என் புறவாசலில் அது ஒன்பது பாகையைச் சற்றே தாண்டும். வடக்கே துருவ மீனை மறைக்கும் அதே கதைதான் தெற்கிலும். கருவியை ஏற்றிக்கொண்டு உவரிக் கடற்கரைக்குப் போனேன். அங்கே தெற்கு முழுவதும் கடல். இரவு பன்னிரண்டே முக்கால் மணிக்கு ஒன்பதரைப் பாகை உயரத்தில், அலைக்கு மேல் இருந்தது. அந்த உயரத்தில் ஒளி, தலைக்கு மேல் கடப்பதைப்போல் ஆறு மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். அதனால் கொத்து முழுவதும் செம்மண் நிறமாக வந்தது; நிறத்தைக் கெடாமல் கொண்டுவர வேண்டும் என்று ஏப்ரலில் எழுதியவனுக்கு இந்தப் படம் உடன்படவில்லை. ஆனாலும் நடு பிரிந்திருக்கிறது. அறுபது படங்களில் இருபத்தாறு தேறின. உப்புக் காற்றில் ஆடியில் மெல்லிய பிசுக்கு படிந்திருக்கிறது. நாளைக் காலை வெயிலுக்கு முன் வாலை நீரில் (காய்ச்சி வடித்த நீரில்) கழுவ வேண்டும்.